டகோட்டா கவுண்டியில் சோமாலியர் எங்கே குடியிருக்கிறார்கள்? – பர்ன்ஸ்வில்லிலிருந்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை வாசகர் பக்கத்தில் மதுரையிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருந்த கடிதத்தை இணையப் பதிப்பில் படித்தேன். மகனுக்கு அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்து ஈகன் நகரில் வேலை கிடைத்திருக்கிறது. மருமகளும் மூன்று வயதுப் பேத்தியும் உடன் போகிறார்கள். ஈகன் இருக்கும் டகோட்டா கவுண்டியில் சோமாலியர் எந்தெந்தப் பகுதியில் குடியிருக்கிறார்கள், அவர்கள் இல்லாத பகுதி எது, அங்கே இருக்கும் தமிழர்கள் சொன்னால் வீடு பார்க்க வசதியாக இருக்கும் என்று கேட்டிருந்தார்.

பிள்ளையை அத்தனை தூரம் அனுப்பும் ஓர் அப்பாவின் கவலை எனக்குப் புரிகிறது. 2008இல் நான் கிளம்பியபோது என் அப்பாவும் விருதுநகர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் மினசோட்டாவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். அதனால் அந்தப் பெரியவருக்கு நேராகவே பதில் எழுதுகிறேன். நான் பர்ன்ஸ்வில்லில் இருக்கிறேன். 2016 இலையுதிர் காலத்திலிருந்து இங்கே மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். காலையில் முதலில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், பிறகு நடுநிலைப் பள்ளி, கடைசியாகத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் என மூன்று நடை. மாலையில் அதே மூன்று நடை. எந்தத் தெருமுனையில் எந்த வீட்டுப் பிள்ளை ஏறும், எந்தப் பிள்ளை இரண்டு நிமிடம் தாமதமாக ஓடிவரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த வாசல் யாருடையது என்று எழுத மாட்டேன். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் என்னை நம்பித்தான் வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் நான்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். கவுண்டி என்பதை நம் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளலாம். மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களுக்குத் தெற்கே டகோட்டா கவுண்டி. 2020 கணக்கெடுப்பின்படி இங்கே 4,39,882 பேர். வடமேற்கு எல்லையில் மினசோட்டா ஆறு, வடகிழக்கில் மிசிசிப்பி. நிர்வாகத் தலைமையிடம் ஹேஸ்டிங்ஸ். வடக்குப் பக்கம் பர்ன்ஸ்வில், ஈகன், ஆப்பிள் வேலி, லேக்வில், ரோஸ்மவுண்ட், இன்வர் க்ரோவ் ஹைட்ஸ் என ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும். பலகையைப் பார்த்தால்தான் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது தெரியும். தெற்கே போகப்போக மக்காச்சோளமும் சோயாவும் விளையும் நிலம்.

டகோட்டா என்பது இந்த மண்ணின் பூர்வகுடிகளுடைய பெயர். 1862 போருக்குப் பிறகு, 1863இல் சட்டம் போட்டே அவர்களை மாநிலத்தைவிட்டு வெளியேற்றினார்கள். பிற்பாடு திரும்பி வந்தவர்களின் சந்ததியினர் பக்கத்துக் கவுண்டிகளில் வாழ்கிறார்கள். யார் எங்கே குடியிருக்கலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அன்றாடம் நான் கடந்துபோகும் பலகைகளில் இருக்கும் அந்தப் பெயர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

சோமாலியர் இங்கே வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1991 ஜனவரியில் சியாத் பர்ரேயின் ஆட்சி கவிழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டது. லட்சக்கணக்கானோர் கென்யாவின் தடாப் போன்ற முகாம்களுக்கு ஓடினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கிருந்து அமெரிக்கா வந்தவர்களில் சிலருக்கு மினசோட்டாவின் வான்கோழி இறைச்சி ஆலைகளில் வேலை கிடைத்தது. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் வேலை தந்தார்கள். ஒருவர் வந்து காலூன்றினால் தங்கை வருவாள், தங்கைக்குப் பின்னால் சித்தப்பா குடும்பம் வரும். நாம் வந்ததும் அப்படித்தானே. இன்று இந்த நாட்டில் வேறெந்த மாநிலத்தையும்விட மினசோட்டாவில்தான் சோமாலியர் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள் அல்லது குடியுரிமை பெற்றவர்கள்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது மினியாபொலிஸின் சீடர்-ரிவர்சைடு என்ற பகுதி மட்டும்தான். 1973இல் கட்டி முடித்த ரிவர்சைடு பிளாசா என்ற உயரமான குடியிருப்புகள் அங்கே இருக்கின்றன. அதன் படத்தைப் போட்டு, சோமாலியர் எல்லோரும் அங்கேதான் என்பதுபோல எழுதிவிடுகிறார்கள். அந்த மாடிகளில் தொடங்கிய எத்தனையோ குடும்பங்கள் ஆற்றைத் தாண்டித் தெற்கே வந்து பல வருடம் ஆகிவிட்டது.

டகோட்டா கவுண்டியில் அவர்கள் முதலில் அதிகமாக வந்தது பர்ன்ஸ்வில்லுக்கு. பிறகு ஈகன், ஆப்பிள் வேலி. இப்போது ரோஸ்மவுண்ட், லேக்வில், இன்வர் க்ரோவ் ஹைட்ஸ் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஹேஸ்டிங்ஸ் பக்கமும் தெற்குக் கிராமங்களிலும் குறைவு. கவுண்டி எல்லையையும் தாண்டித் தெற்கே போனால், வான்கோழி ஆலை இருக்கும் ஃபேரிபோவில் மறுபடியும் நிறையப் பேர்.

ஐயா, இதுதான் உங்கள் கேள்விக்கான பதில். ஆனால் இத்தோடு நிறுத்தினால் நான் பொய் சொன்னதாகிவிடும். ஏன் என்று விளக்குகிறேன்.

என் காலை நடையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வரும். எழுபது, எண்பதுகளில் கட்டிய மூன்று மாடிக் கட்டடங்கள், நடுவே வாகன நிறுத்தம். அங்கே ஒரே நிறுத்தத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நிற்பார்கள். பாதிப் பேர் சோமாலிப் பிள்ளைகள். மைனஸ் 25 டிகிரிக் குளிரில், தலைத்துணிக்கு மேல் கம்பளித் தொப்பி, அதற்கும் மேல் அங்கியின் முக்காடு என்று, கண் மட்டும் தெரிய நிற்கும் பெண் பிள்ளைகள். காரில் வேலைக்குப் போகும் எவருடைய கண்ணிலும் அந்தக் கூட்டம் படும். "அந்த அப்பார்ட்மெண்ட் முழுக்க அவங்கதான்" என்று சொல்லிவிடுவார்கள். அதே வரிசையில் நிற்கும் மெக்சிகோப் பிள்ளைகளோ, வெள்ளைக்காரப் பிள்ளைகளோ, கடைசியில் நிற்கும் நம் தெலுங்குக் குடும்பத்து இரட்டையரோ அவர்கள் கண்ணில் படுவதில்லை.

அதே நடையில், பத்து நிமிடம் கழித்துத் தனி வீடுகள் இருக்கும் தெருக்களுக்குள் திரும்புவேன். ஒரு முக்கில் ஒரு பிள்ளை, அடுத்த முக்கில் இரண்டு. அங்கேயும் சோமாலிக் குடும்பங்கள் இருக்கின்றன. வாசலில் கூடைப்பந்து வளையம், இரண்டு கார், வேலி ஓரம் தக்காளிச் செடி. அந்த வீடுகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இருபது பேர் ஓரிடத்தில் நின்றால் கூட்டமாகத் தெரிகிறது, இருபது முக்கில் ஒவ்வொருவராக நின்றால் யாருக்கும் தெரிவதில்லை. சோமாலியர் எங்கே இருக்கிறார்கள் என்று இங்கே வெகுகாலமாக இருப்பவர்கள் சொல்வதும் பெரும்பாலும் பேருந்து நிறுத்தம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். ஒன்பது வருடம் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தவள் சொல்கிறேன்.

பர்ன்ஸ்வில்லுக்கு ஏன் முதலில் வந்தார்கள்? வீட்டு அளவுதான் முதல் காரணம். ஆறு பிள்ளைகள், கூட ஒரு பாட்டி என்றால் மூன்று, நான்கு படுக்கையறை வேண்டும். ஓர் அறைக்கு இரண்டு பேருக்கு மேல் வாடகைக்கு விடமாட்டோம் என்பதுதான் பல குடியிருப்புகளின் கணக்கு. புதிதாகக் கட்டும் குடியிருப்புகளிலோ பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு அறைதான். மூன்று அறை வீடு கட்டுப்படியாகும் வாடகைக்குக் கிடைத்தது அந்தப் பழைய கட்டடங்களிலும், டவுன்ஹோம் என்று சொல்லும், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசைகளிலும்தான். வாடகை உதவி வவுச்சர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு நெருக்கடி உண்டு. கவுண்டியின் சமூக வளர்ச்சி முகமை அதைக் கொடுத்தாலும் எல்லா வீட்டுக்காரரும் ஏற்பதில்லை. ஏற்கும் கட்டடம் எதுவோ அங்கேதான் போக முடியும். வவுச்சர் வாங்குவோர் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது காரணம் வேலையும் வழியும். இன்டர்ஸ்டேட் 35 நெடுஞ்சாலை பர்ன்ஸ்வில்லில்தான் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மினியாபொலிஸுக்கும் ஒரு கிளை செயின்ட் பாலுக்கும் போகிறது. ஆற்றைக் கடந்தால் விமான நிலையமும் மால் ஆஃப் அமெரிக்காவும். மேற்கே பக்கத்துக் கவுண்டியில் ஷாக்கோபி, அங்கே 2016 முதல் அமேசானின் பெரிய கிடங்கு இருக்கிறது. கார் இல்லாதவருக்குப் பேருந்து உண்டு. ஆப்பிள் வேலியிலிருந்து சீடர் அவென்யூ வழியாக 2013இல் ரெட் லைன் வந்தது. 2021 டிசம்பரில் பர்ன்ஸ்வில்லிலிருந்து மினியாபொலிஸ் நடுநகருக்கு ஆரஞ்சு லைன் தொடங்கியது. சீடர்-ரிவர்சைடில் இருக்கும் பெரியம்மாவை வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப முடிகிற தூரத்தில்தான் ஒரு குடும்பம் வீடு தேடும். எங்களுக்கும் மேப்பிள் க்ரோவ் கோயிலுக்கு எத்தனை நிமிடம் என்பது வீடு வாங்கும்போது ஒரு கணக்காக இருந்தது.

மூன்றாவது காரணம் நம்மவர் பலருக்குத் தெரியாது. வட்டி கொடுப்பதும் வாங்குவதும் அவர்கள் மார்க்கத்தில் விலக்கு. இந்த நாட்டிலோ முப்பது வருட வட்டிக் கடன் இல்லாமல் வீடு வாங்குவது அரிது. கை நிறையச் சம்பாதிக்கும் நர்ஸும் சொந்த லாரி ஓட்டுபவரும்கூட வருடக்கணக்கில் வாடகை வீட்டிலேயே இருப்பதை நான் பார்க்கிறேன். பணமில்லாததால் அல்ல. நிறுவனமே வீட்டை வாங்கி, லாபம் சேர்த்துத் தவணையில் விற்கும் முறை ஒன்று வந்திருக்கிறது. ஆனால் அது கிடைக்கும் இடங்கள் குறைவு. இன்னொரு வழி, பெண்கள் சேர்ந்து போடும் சீட்டு. பத்துப் பேர் மாதாமாதம் ஒரு தொகை போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுத்துக்கொள்வார்கள். வட்டியும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. அதற்கு ஆயூத்தோ என்று பெயர். தென் சோமாலியா இத்தாலியர் வசம் இருந்த காலத்தில் வந்த சொல், இத்தாலிய மொழியில் உதவி என்று பொருள். என்னோடு வண்டி ஓட்டும் சோமாலி அக்கா இதை விளக்கியபோது, "எங்க அம்மா இப்படித்தான் எனக்கு வளையல் வாங்கினாங்க" என்றேன். அவர் சீட்டுப் பணத்தில் மகனின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியிருந்தார்.

இந்தத் தடைகளைத் தாண்டி வீடு வாங்கியவர்கள் தெற்கே நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். நான் வேலையில் சேர்ந்தபோது அடுக்குமாடி நிறுத்தத்தில் ஏறிய ஒரு பையனின் குடும்பம் இப்போது லேக்வில்லில், சோளக்காட்டை ஒட்டிப் புதிதாகக் கட்டிய தெருவில் இருக்கிறது. அதே தெருவில் நான்கு தமிழ்க் குடும்பங்கள். முதலில் ஈகனில் வாடகை அப்பார்ட்மெண்ட், பிறகு டவுன்ஹோம், பிறகு தனி வீடு என்று நாம் போகும் அதே பாதை, அதே வரிசை. நம்மைவிட அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் காலம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

இனி, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டியது ஒன்று. அந்தப் பெரியவர் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன்.

2012இல் வீடு வாங்க இறங்கினோம். வீட்டு முகவராக வந்தவர் வயதான வெள்ளைக்கார அம்மா, பொறுமையானவர். மூன்றாவது வீட்டைப் பார்த்துவிட்டு காரில் திரும்பும்போது நான் கேட்டேன்: "இந்தப் பக்கம் சோமாலிக்காரங்க அதிகமா?" அவர் காரை ஓரமாக நிறுத்தினார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சட்டம் தன்னை அனுமதிக்காது என்றார். பள்ளி எப்படி என்று தெரிய வேண்டுமென்றால் மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தைப் பாருங்கள், குற்றங்கள் பற்றி நகரக் காவல் துறையிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டில் யார் என்று நானாகச் சொல்லி உங்களை ஒரு தெருவுக்கு இழுக்கவோ ஒரு தெருவிலிருந்து விலக்கவோ கூடாது என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்கு மட்டும் முகம் சூடானது.

அவர் சொன்னது 1968இன் நியாய வீட்டுவசதிச் சட்டம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், அந்த ஏப்ரல் 11ஆம் தேதி, அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது. இனம், நிறம், மதம், பூர்வீக நாடு இவற்றைப் பார்த்து வீடு மறுக்கக் கூடாது, ஆட்களை ஒரு பகுதிக்கு ஒதுக்கவும் கூடாது. அதை நாடாளுமன்றத்தில் முன்னெடுத்த இருவரில் ஒருவர் இந்த மாநிலத்துக்காரர், பின்னாளில் துணை அதிபரான வால்டர் மாண்டேல். அந்தச் சட்டம் தேவைப்பட்ட ஊர்தான் இது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மினியாபொலிஸ் வீட்டுப் பத்திரங்களில், இன்ன இனத்தாருக்கு இதை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று எழுதிவைத்திருந்தார்கள். மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 முதல் அந்தப் பத்திரங்களைத் தேடியெடுத்து வரைபடமாக்கி வருகிறார்கள். கறுப்பின மக்களை மட்டுமல்ல, ஆசியர்களையும் பெயர் சொல்லி விலக்கிய பத்திரங்கள் அவற்றில் உண்டு. அன்றைக்கு நாம் வந்திருந்தால் நமக்கும் இடமில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சட்டத்துக்குப் பயந்து அல்ல. சின்ன வயதில், வெளியூரில் ஒரு கல்யாண வீட்டில் ஓர் அம்மாள் என் கையைப் பிடித்து, "விருதுநகர்ல எந்தத் தெரு தாயி?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. தெருப் பெயரைச் சொன்னேன். பிடித்திருந்த கை மெல்ல விலகியது. எந்தத் தெரு என்று கேட்பவர்கள் எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள் என்று நம் ஊரில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வியைத்தான் நான் ஏறத்தாழப் பதினான்காயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தூக்கிவந்து, காரில் உட்கார்ந்து கேட்டிருந்தேன்.

நாங்கள் அந்த வீட்டைத்தான் வாங்கினோம். வலப்பக்க வீட்டில் சோமாலிக் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் விமான நிலையத்தில் டாக்சி ஓட்டினார், இப்போது ஓய்வில் இருக்கிறார். அவருடைய மகள்தான் எனக்கு ஓட்டுநர் வேலையைப் பற்றிச் சொன்னவள். வேலை விசாவில் வருபவரின் துணைக்குத் தரும் எச்4 விசாவில் ஏழு வருடம் வேலைக்குப் போக முடியாமல் வீட்டுக்குள் இருந்து, 2015இல் கிரீன் கார்டு வந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். "பயிற்சியும் அவங்களே தருவாங்க, நீங்க ஓட்டுவீங்க" என்று விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். எழுத்துத் தேர்வுக்கு முதல் நாள் காற்றழுத்தப் பிரேக் பாடத்தை என்னிடம் கேள்வி கேட்டுச் சரிபார்த்ததும் அவள்தான்.

பெருந்தொற்றுக் காலத்தையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதும், பிள்ளைகளின் மதிய உணவை எங்கள் பேருந்துகளில் ஏற்றி, வழக்கமான நிறுத்தங்களுக்கே கொண்டுபோனோம். முன் இருக்கைகளில் அட்டைப் பெட்டிகள், பின்னால் யாருமில்லாத வெற்று இருக்கைகள். அந்த அடுக்குமாடி நிறுத்தத்தில், இரண்டு மீட்டர் தள்ளித்தள்ளி வரிசையில் நிற்பார்கள். ஒரு சோமாலிப் பாட்டி தினமும் ஒரு பிளாஸ்கைச் சுவரோரம் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார். ஏலமும் பட்டையும் தட்டிப்போட்ட பால் தேநீர், அவர்கள் அதை ஷா என்பார்கள். நான் எடுத்துக் குடிக்கும்வரை கண்ணெடுக்க மாட்டார். ஊரில் அப்போது என் அம்மா படுக்கையில் இருந்தார், விமானம் இல்லை. அந்த ஏப்ரல் மாதத்தை எனக்குத் தாண்டிக் கொடுத்தது அந்தத் தேநீர்.

இதைச் சொல்லும்போது உங்கள் வாசகர்கள் உணவு மோசடி வழக்கை நினைப்பார்கள். நினைப்பது நியாயமே. அதே பெருந்தொற்றுக் காலத்தில், கொடுக்காத சாப்பாட்டுக்குக் கணக்கெழுதி 25 கோடி டாலர் அளவுக்கு அரசுப் பணத்தைச் சுருட்டியதாக 2022 செப்டம்பரில் குற்றப்பத்திரிகை வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பலர் சோமாலியர். அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுத்த ஃபீடிங் அவர் ஃபியூச்சர் என்ற தொண்டு அமைப்பை நடத்திய, 2025இல் குற்றவாளி என்று தீர்ப்பான பெண் சோமாலியர் அல்லர். நிஜமான உணவுப் பெட்டிகளை வீட்டு வாசல்களுக்குச் சுமந்தவள் நான். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வயிறெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு என்னைவிட அதிகமாக எரிந்தது. திருடினவனைச் சிறையில் போடட்டும் என்றார். மறுநாள் காலை பத்து வயதுப் பெண் ஒருத்தி, பேருந்தில் வேறொரு பிள்ளை அவளைத் திருடி என்று கூப்பிட்டதாக என் இருக்கைக்குப் பின்னால் வந்து அழுதாள். அந்தக் குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்வது?

அந்தப் பிள்ளைகள் என்னை ஏத்தோ என்று கூப்பிடுகிறார்கள். அத்தை என்று அர்த்தம், அப்பாவின் உடன்பிறந்தவள். அம்மாவின் உடன்பிறந்தவளுக்கு ஹபர்யர் என்று வேறு சொல். பிரித்தால் சின்ன அம்மா, நம் சின்னம்மாவேதான். தாய்மாமன் அப்தி, அப்பாவின் சகோதரர் அதேர். ஆங்கிலத்தில் ஒரே ஆன்ட்டி, ஒரே அங்கிள் என்று முடிந்துபோவதை அவர்களும் நம்மைப் போலப் பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெயர் வைப்பதிலும் அப்படியே. குடும்பப் பெயர் கிடையாது, தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர். கல்யாணமானாலும் பெண் தன் அப்பா பெயரோடே இருப்பாள். பள்ளி அலுவலகத்தில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஏன் வேறு வேறு கடைசிப் பெயர் என்று கேட்டு அவர்களை நிறுத்திவைக்கும்போது, பக்கத்திலேயே நம் முத்துலட்சுமிகளும் அதே கேள்விக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பார்கள்.

இன்னொன்று. இந்த நாட்டின் கணக்கெடுப்புத் துறை, வீட்டில் பேசும் மொழிகளைப் பட்டியல் போடும்போது தமிழுக்குத் தனி வரிசை கொடுத்திருக்கிறது. எனக்கு அதில் பெருமை. அதே அட்டவணையில் சோமாலி மொழியை அம்ஹாரிக்கோடும் வேறு பல மொழிகளோடும் சேர்த்து ஒரே வரிசையில் போட்டிருக்கிறார்கள். மினசோட்டாவில் ஆங்கிலம் நீங்கலாக அதிகம் பேசும் மொழிகளில் ஒன்று அது. 1972இல்தான் அரசு அதற்கு எழுத்துமுறையை நிலைநிறுத்தியது. அதற்கு முன் அத்தனை கவிதையையும் மனதிலேயே சுமந்த மக்கள். ஒரு பொட்டலத்தில் கட்டிப்போட்டால் எந்த ஊரில் எத்தனை பேர் என்று கணக்கு எப்படிச் சரியாக வரும்?

ஐயா, உங்கள் மகன் வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியவை வேறு. வெப்பமூட்டும் கட்டணம் வாடகையோடு சேர்ந்ததா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதுதான் கையைக் கடிக்கும். கார் நிறுத்த மூடிய கொட்டகை உண்டா, பனியை யார் தள்ளுவது, பேத்திக்கு ஐந்து வயதாகும்போது எந்தப் பள்ளி எல்லைக்குள் வரும் என்று கேட்கட்டும். பழைய கட்டடம் என்று ஒதுக்க வேண்டாம், சுவர் கெட்டியாக இருக்கும், அறை பெரிதாக இருக்கும். மருமகளுக்கு வண்டி ஓட்டத் தெரியாதென்றால் பேருந்துத் தடத்துக்குப் பக்கத்தில் பார்க்கட்டும். குழந்தையோடு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் முதல் குளிர்காலம் தாங்காது, அது நான் பட்டது.

அப்படிப் பார்த்தால் அவர்கள் வந்து சேரும் இடம் பெரும்பாலும் ஒரு சோமாலிக் குடும்பத்தின் மாடியிலோ, கீழேயோ, எதிர்வாசலிலோதான் இருக்கும். பர்ன்ஸ்வில் பக்கம் வந்தால், இரண்டு வருடம் கழித்து உங்கள் பேத்தி என் வண்டியில்கூட ஏறலாம். குட்டிப் பிள்ளைகளை நான் எப்போதும் முன்வரிசையில்தான் உட்காரவைப்பேன்.

இப்படிக்கு,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
பர்ன்ஸ்வில், டகோட்டா கவுண்டி, மினசோட்டா.
(பிள்ளைகளின் பொருட்டுப் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)